பட்டணத்திலே ஒரு வீடு!

"நிலத்தை வித்துடலாம்னு இருக்கேன், அண்ணே!"

திருப்பாதிரிப்புலியூர் இரயிலடித் தேநீர்க் கடையிலே நின்று இதைச் சொன்னவர் ஓர் ஆலைத் தொழிலாளி. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சங்கத்துச் சந்தாவைப் பாக்கி வைக்காத தோழர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலே அவருக்கு முக்கால் காணி உண்டு. தந்தை அதிலே மல்லாட்டை போட்டார். இவர் முந்திரி வைத்தார். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயல் அத்தனை மரத்தையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. அழுதுகொண்டே மறுபடியும் கன்று நட்டார். புயலுக்கும் விட்டுக்கொடுக்காத அந்த நிலத்தைத்தான் இப்போது விற்கப் போகிறாராம்! எதற்கு? சென்னையிலே ஒரு வீடு வாங்க! மகளுக்கு அங்கே ஒரு கல்லூரியிலே இடம் கிடைத்திருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்குப் பட்டணத்திலே வீடா, பேராசையைப் பார் என்று எவரேனும் சிரித்தால், தோழர்களே, சிரிப்பதற்கு முன் அவர் சொன்ன மீதியையும் கேட்டுவிடுங்கள்.

கல்லூரியிலே இடம் கிடைத்தது; கல்லூரி விடுதியிலே கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலிலே பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நம் மாவட்டத்துப் பெண்கள் மூவர் சேர்ந்து, துணைக்கு ஒரு பாட்டியையும் வைத்துக்கொண்டு, சிறு பகுதி ஒன்றை வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. திருவல்லிக்கேணியிலே தெருத் தெருவாக அலைந்தார் தந்தை. பத்து மாத வாடகை முன்பணம் என்றார்கள், சரி என்றார். சாப்பாடு சைவம்தானா என்றார்கள், சற்றே தயங்கினார். அடுத்த கேள்வி வந்தது. "நீங்க என்ன ஆளுங்க?"

பதிலைச் சொன்னார். வீடு இல்லை என்றாகிவிட்டது. 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை மட்டும் அவர் இறங்கி வரும்போதும் வாசலிலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"வாடகைக்குக் கேட்டாத்தானே, அண்ணே, கேள்வி கேப்பான்? சொந்தமா வாங்கிட்டா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரை நிலத்தை விற்காதே என்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வந்தவனிடம் சாதியைக் கேட்டு வாசலைச் சாத்துகிறவன் இருக்கும்வரை, சொந்த வாசல் ஒன்று வேண்டும் என்று ஒரு தந்தை துடிப்பது குற்றமா? ஆனால் அதே திருவல்லிக்கேணி, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதே கேள்வியைக் கேட்ட திருவல்லிக்கேணி! அன்று இதற்கு வேறொரு பதில் சொன்னவர் உண்டு. டாக்டர் சி. நடேசனார்!

வெளியூர்களிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கு அந்நாளில் சென்னையிலே உண்ண இடமில்லை, உறங்க இடமில்லை. உணவு விடுதிகளிலே அவர்களுக்கு மறுப்பு. தங்குமிடம் இல்லாததாலேயே படிப்பை முறித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் இருந்தார்கள். நடேசனார் மருத்துவர். ஆளுக்கொரு வீடு வாங்குங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. 1916-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியிலேயே 'திராவிடர் இல்லம்' என்று எல்லோருக்குமாக ஒரு வீட்டை எடுத்தார். பொருள்முடையால் அந்த இல்லம் நெடுநாள் நடக்கவில்லை. எனினும் அங்கே தங்கிப் படித்தவர்கள் யார் யார்? விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஒருவர். டி.எம். நாராயணசாமிப் பிள்ளை மற்றொருவர். இந்த இருவருமே பின்னாளில், 1950-களிலே, நம் சிதம்பரத்துக்கு வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலியிலே அமர்ந்தார்கள்! பட்டணத்திலே தலைசாய்க்க இடமற்றோருக்கென்று எடுத்த இல்லத்திலே வளர்ந்த இருவர், பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஒரு பல்கலைக்கழகத்தையே ஆளவந்தார்கள்.

அதே 1916-இலே சிதம்பரத்திலும் ஒரு கதவு திறந்தது. தில்லையின் வாசலிலே நந்தன் நிற்க நேர்ந்த கதை நமக்குத் தெரியும். அந்த ஊரிலே, நந்தனார் பெயராலேயே கல்விக் கழகம் கண்டு, ஆதி திராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்குமிடமும் சோறும் தந்தவர் சுவாமி சகஜானந்தா. காவியுடை துறவிதான், ஆனால் பிள்ளைகளின் அரிசிக்கு வாசல் வாசலாக நின்றவர். 1959-லே அவர் மறைந்தார். நந்தனார் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

இனி நண்பரின் கணக்குக்கு வருவோம். தேநீர்க் கடைப் பலகையிலே நாங்கள் போட்ட கணக்கு இது. காகிதம் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அவர் பார்த்துவிட்டு வந்தது 40 இலட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு. வங்கி 30 இலட்சம் தரும் என்கிறார்கள். மீதி 10 இலட்சம் கைப்பணம். அதோடு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. முன்பு 4 ஆக இருந்த பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலிலே 2 ஆகக் குறைந்தது. ஆக 3 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 13 இலட்சத்து 60 ஆயிரம்; முக்கால் காணி போயிற்று!

கடனுக்கு நூற்றுக்கு 9 வட்டி, 20 ஆண்டு என்று வையுங்கள். மாதத் தவணை 27 ஆயிரத்துக்குச் சில ரூபாய் குறைவு. இருபதாண்டு முடிவிலே 30 இலட்சத்துக்கு அவர் கட்டியிருப்பது ஏறக்குறைய 64 இலட்சத்து 78 ஆயிரம்! மகளின் படிப்போ மூன்றாண்டு. அந்த மூன்றாண்டிலே 9 இலட்சத்து 71 ஆயிரம் கட்டியிருப்பார். அதிலே அசல் குறைந்திருப்பது 1 இலட்சத்து 85 ஆயிரம் மட்டுமே! மற்றதெல்லாம் வட்டி வாயிலே!

இன்னும் கேளுங்கள். நண்பருக்கு வயது 47. ஆலையிலே 58-லே ஓய்வு. வேலை மிச்சம் 11 ஆண்டு; கடன் 20 ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டுத் தவணையை யார் கட்டுவது? மகளும் கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்துப் போட்டால் நடக்கும் என்று தரகர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். படித்து முன்னேறட்டும் என்று அனுப்பப்படும் பெண், பாடப்புத்தகம் திறக்கும் முன்பே கடன்பத்திரத்திலே கையெழுத்துப் போட வேண்டும்! பிற்பாடு விற்றால் இலாபம் வருமே என்றார் அவர். வரலாம், வராமலும் போகலாம். வாடகைக்கு விட்டாலோ, தவணையிலே பாதி தேறினால் பெரிது.

வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கூடுவாஞ்சேரி தாண்டி! கடற்கரை நிலையத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருவல்லிக்கேணி வீட்டுக்காரனுக்குப் பாடம் புகட்டப் போய், மகளைத் தினமும் மின்சார இரயிலிலே விடியலில் ஏற்றி இருட்டிலே இறக்கும் ஏற்பாடு அது. கூட இருக்கப் போகும் பாட்டிக்கோ அந்த அடுக்குமாடியிலே பேச ஒரு முகம் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்போர் இருப்பார்கள். கையிலே மிச்சமுள்ளவர்கள் வாங்கட்டும், அதிலே நமக்கென்ன பொறாமை! ஆனால் தரகர் காட்டும் வண்ணப்படத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள். அடுக்குமாடியிலே நீங்கள் உண்மையாக வாங்குவது சுவரை அன்று. அடியிலே கிடக்கும் மண்ணிலே உங்களுக்குரிய பிரிபடாத பாகத்தை. சுவர் ஆண்டுக்கு ஆண்டு கிழமாகும், மண்தான் நிற்கும். எத்தனை சதுர அடி மண் என்பது பத்திரத்திலே எழுத்திலே இருக்க வேண்டும். எண்ணூறு சதுர அடி வீடு என்பார்கள். மாடிப்படி, நடைபாதையின் பங்கையும் கூட்டிச் சொல்வது அது. உள்ளே புழங்கும் இடத்தை நாடாவால் அளந்து பாருங்கள்.

போகட்டும். பட்டணத்துக்குப் படிக்கப் போகிறவன் வீடு வாங்கித்தான் தீர வேண்டுமா? சிதம்பரத்தையே பாருங்களேன்! 1920-லே மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929-லே பல்கலைக்கழகமாக எழுந்தது அண்ணாமலை. அதற்கென அண்ணாமலைச் செட்டியார் தந்தது 20 இலட்சம். அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு, தெரியும். என்றாலும் பல்கலைக்கழகமே எழுப்பத் தந்த தொகையைப் போல் இரு மடங்கு கொடுத்தும் ஓர் ஆலைத் தொழிலாளிக்குக் கூடுவாஞ்சேரிக்கு அப்பால்தான் கூரை என்பதை நினைத்தால் சிரிப்பதா, சினப்பதா? தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம் என்றே அதனைத் திட்டமிட்டார்கள். வகுப்பறைக்குப் பக்கத்திலேயே விடுதி. நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் படித்தது அங்கேதான். அங்கே தங்கிப் படிக்க எவரும் சிதம்பரத்திலே மனை வாங்க வேண்டியதில்லை. பாரிசிலேயும் ஏறத்தாழ அதே காலத்தில், 1925-இலே, பல நாட்டு மாணவருக்கென்று பொதுக் குடியிருப்பு ஒன்றைத் திறந்தார்கள். பல்கலைக்கழகம் கட்டுகிறவன் படுக்க இடமும் கட்ட வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம்.

இங்கே அரசு விடுதிகள் இல்லையா? உண்டு. ஆதி திராவிடருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு என்று உண்டு, சைதாப்பேட்டையிலே எம்.சி. ராஜா பெயரிலே மாணவர் விடுதியே நிற்கிறது. அரசுப் பள்ளியிலே படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்குப் போவோரின் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-லே அறிவித்தார்கள். நல்ல காரியங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நலத்துறை விடுதிகளுக்கு வருமான வரம்பு உண்டு. கூலிக்காரர் மகளுக்குக் கதவு திறக்கும். ஆலையிலே நிரந்தரமாகிச் சங்கத்தால் நாலு காசு அதிகம் பெற்றவரின் மகள் அந்த வரம்புக்கு மேலே நிற்கிறாள், வீட்டுக்காரன் வாசலிலோ கீழே நிற்கிறாள்! இந்த இடைவெளியிலேதான் முக்கால் காணிகள் விழுங்கப்படுகின்றன. வரம்பை உயர்த்து, அல்லது அடக்க விலைக்கு மாணவியர் விடுதி கட்டு என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறதே!

கேட்டால் கிடைக்குமா? சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தை 2013-லே அரசு எடுத்துக்கொண்ட பிறகும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 5 இலட்சத்துக்கு மேலேயே இருந்தது. 2020 டிசம்பரிலே உட்கார்ந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் அசையவில்லை. 2021 பிப்ரவரியிலே கட்டணம் 13,610 ரூபாய் ஆயிற்று! தனித்தனியே நிலத்தை விற்றுக் கட்டியிருந்தால் அந்த ஐந்து இலட்சம் இன்றும் ஐந்து இலட்சமாகவே இருந்திருக்கும்.

நம் படிப்பகங்களிலே ஜூன், ஜூலை மாதங்களில் மாலை வேளையிலே ஒரு மேசை போடுங்கள். எந்த விடுதிக்கு எந்த விண்ணப்பம், எந்தச் சான்று, எந்த நாள் கடைசி என்று தெரிந்த ஒரு தோழர் உட்காரட்டும். பட்டணத்திலே உள்ள தோழர்கள், சாதி கேளாமல் வாடகைக்குத் தரும் வீடுகளின் பட்டியல் ஒன்று எழுதி அனுப்பட்டும். நமக்குள்ளே எத்தனை பேர் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம்! வருகிறவரிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதையும் அந்தப் பட்டியல் எழுதும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தேநீர்க் காசையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். மகள் இப்போதைக்கு வியாசர்பாடியிலே சங்கத் தோழர் ஒருவரின் வீட்டிலே தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். விடுதியின் காத்திருப்போர் பட்டியலிலே முன்பு பதினேழாவது பெயர். நேற்று விசாரித்ததிலே பதினொன்று. நிலத்தரகர் இரண்டாம் முறையும் வந்து, முந்திரிக் கன்றுகளை எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்.