சொல்லில் வராத துயரும் சுனாமிகா பொம்மையும்

2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலைக்குள், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அந்த நாட்களில் ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்தின் பெரிய ஆலைகளும் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. வெள்ளம் சில வாரங்களில் வடிந்துவிட்டது. எனினும், நள்ளிரவில் மழை வலுத்தால் இன்றும் எழுந்து அமர்ந்து வாசலையே பார்த்திருப்போர் நம்மிடையே உள்ளனர். காரணம் கேட்டால், 'ஒன்றுமில்லை' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அச்சத்தைச் சொல்லச் சொற்கள் அமையவில்லை, அவ்வளவே.

இத்தகையோருக்கு என்ன செய்யலாம்? இக்கேள்விக்கு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஒரு நல்ல விடை உண்டு.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் படகுகளும் வலைகளும் அழிந்தன. ஆண்கள் கடலுக்குச் செல்லவில்லை. மக்கள் சில காலம் மீன் உண்ணவே தயங்கினர். ஆதலால் கூடை சுமந்து மீன் விற்று வந்த பெண்களுக்கும் வேலை இல்லை. நிவாரணப் பொருள்கள் வந்தன; வரிசையில் நின்று பெற்றுக்கொள்வதும், அதன்பின் வெறுமனே அமர்ந்திருப்பதுமாகப் பொழுது கழிந்தது. வெறுங்கையுடன் அமர்ந்திருப்பவரின் மனம் நடந்ததையே மீண்டும் மீண்டும் சுற்றிவரும்.

ஆரோவில்லில் 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பகத்தை நடத்திவந்த உமா பிரஜாபதியும் அவருடைய குழுவினரும் 2005இல் இப்பெண்களுக்காக ஒரு கைவினைப் பயிற்சியைத் தொடங்கினர். ஆடை தைத்தபின் எஞ்சும் துணித்துண்டுகளே மூலப்பொருள். அவற்றைக்கொண்டு உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெண் பொம்மையைச் செய்யக் கற்பித்தனர். பொம்மைக்குச் 'சுனாமிகா' என்று பெயரிட்டனர். ஊரையே அழித்த அலையின் பெயரில் ஒரு குழந்தை! முதலில் கேட்கும்போது சற்றுத் துணுக்குறச் செய்யும் பெயர்தான். ஆனால் அஞ்சி ஒதுக்கிய ஒரு சொல்லைக் கையில் ஏந்தக்கூடியதாக மாற்றியது அந்தப் பெயர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இம்முயற்சியில் நூற்றுக்கணக்கான பெண்கள் பங்குகொண்டனர். பல லட்சம் பொம்மைகள் உருவாகி உலகின் பல நாடுகளைச் சென்றடைந்தன. ஆனால் ஒரு பொம்மைகூட விற்கப்படுவதில்லை என்பதே இதன் உயிர்நாடி. சுனாமிகா அன்பளிப்பாக மட்டுமே தரப்படும். விரும்புவோர் நன்கொடை அளிக்கலாம். அதிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. நேற்றுவரை நிவாரணத்துக்குக் கைநீட்டி நின்றவர், இன்று முன்பின் அறியாத ஒருவருக்குப் பரிசு அளிப்பவர் ஆகிறார். மருந்துச் சீட்டில் எழுத இயலாத மருந்து இது.

கைவேலைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவருடன் பணியாற்றியோரும் 39 பேரை 45 நிமிடங்கள் களிமண், வண்ணம், ஒட்டுப்படம் ஆகியவற்றில் ஈடுபடுத்தி, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தனர். ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் கார்டிசால் என்னும் மனஅழுத்த இயக்குநீர் குறைந்திருந்தது. 2016இல் வெளியான இந்த ஆய்வு சிறியது; பேரிடரில் சிக்கியோரிடம் நடத்தப்பட்டதும் அன்று. ஆயினும், பங்கேற்றவர்களின் கலைப் பயிற்சிக்கும் இக்குறைவுக்கும் தொடர்பில்லை என்பது கவனிக்கத்தக்கது. 'எனக்கு வரையத் தெரியாதே' என்ற தயக்கம் தேவையில்லை.

இதற்கு மாறாக, பேரிடரில் தப்பியவரை உடனே அமர்த்தி, 'நடந்ததையெல்லாம் சொல்லி அழுதுவிடு' என்று வற்புறுத்துவது நன்மை தருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. நம் வீடுகளில் உறவினர்கள் நல்லெண்ணத்துடன் செய்யும் தவறு இது. நாலு பேர் கூடிப் பூத்தொடுக்கும் இடத்திலோ, கோலத்துக்கு வண்ணம் கலக்கும் திண்ணையிலோ, கண்கள் வேலையில் பதிந்திருக்கும்போது பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் குற்றமில்லை. பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணக்கட்டியும் போதும். வெள்ளத்தையே பத்து முறை வரைந்தாலும் தடுக்க வேண்டா. 'நல்லதாக ஏதாவது வரையேன்' என்று திருத்தவும் வேண்டா.

கைவேலை மருத்துவத்துக்கு மாற்று அன்று. ஒரு மாதம் கடந்தும் உறக்கமின்மை, அச்சக் கனவுகள், எவரோடும் ஒட்டாமை, குடிப்பழக்கம் மிகுதல் ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வாழ்வே வேண்டா என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.