இணையவழிப் பாடநெறிகளை அமைத்தலும் நடத்துதலும்

கல்விக்கூடத்திற்கு வர இயலாதோரைத் தேடிக் கல்வி செல்லவேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. 1963ஆம் ஆண்டில் குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, குடும்பத்தையும் தொழிலையும் விட்டு வர இயலாத சபைத் தலைவர்களுக்கென விரிவாக்கக் கல்வியைத் தொடங்கியது. மாணவர் தத்தம் ஊரிலிருந்தே பாடங்களைப் பயின்றனர். ஆசிரியர் குறித்த நாளில் அவர்களைச் சந்தித்து உரையாடினார். அச்சந்திப்பே அம்முறையின் உயிர்நாடி எனலாம். இணையவழிப் பாடநெறிகளை நடத்த முற்படும் நாமும் இதனை மனத்திற்கொண்டு தொடங்குதல் நலம்.

பாடப்பொருள், ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண், உரையாடல் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து ஒழுங்குபடுத்தும் கணினி நிரலே கற்றல் மேலாண்மை அமைப்பு ஆகும். இவற்றுள் மூடுல் என்பது பரவலாக அறியப்பட்டது. இதனை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்து, சிறுவயதில் வானொலிவழிப் பள்ளியில் பயின்றவர். மூடுலின் முதற்பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆயினும் சேவையகத்திற்கும் பராமரிப்பிற்கும் செலவுண்டு என்பதை மறத்தலாகாது.

1. பாடநெறியை வகுத்தல்

பாடநெறியை வார வாரியாகவோ பொருள் வாரியாகவோ பகுக்கலாம். குறித்த காலத்தில் அனைவரும் சேர்ந்து பயில்வதாயின் வாரப் பகுப்பே பொருத்தமானது. ஒவ்வொரு பகுதியிலும் இவ்வாரம் கற்கவேண்டியது யாது, படிக்கவேண்டியது எது, எழுதி அனுப்பவேண்டியது எது, கடைசி நாள் எது என்னும் நான்கையும் ஒரே ஒழுங்கில் வைத்தல் வேண்டும். ஒழுங்கு வாரந்தோறும் மாறுமாயின், மாணவரின் உழைப்பு பாடத்தில் செல்லாது வழி தேடுவதிலேயே செலவாகும். முந்திய பாடம் நிறைவுற்ற பின்னரே அடுத்தது திறக்கும்படி நிபந்தனை இடவும் இயலும். எனினும் இதனை அளவோடு பயன்படுத்துதல் தகும்; பூட்டுகள் மிகுந்தால் ஆர்வம் குன்றும்.

2. பொறுப்புகளைப் பிரித்தல்

மேலாளர், ஆசிரியர், திருத்தும் உரிமையற்ற ஆசிரியர், மாணவர் எனப் பொறுப்புகள் பல உள. விடைகளை மதிப்பிட மட்டும் உதவுவோருக்கு மூன்றாவது பொறுப்பை அளித்தாற்போதும். அவர் மதிப்பெண் இடலாம், பாடத்தின் அமைப்பை மாற்ற இயலாது. எவருக்கும் தேவைக்கு மிஞ்சிய உரிமை வழங்காதிருப்பதே நல்ல நிருவாகம்.

3. மதிப்பெண் பதிவேடு

இங்கே மிகுந்த விழிப்பு வேண்டும். வெற்று மதிப்பெண்களை விலக்கிக் கணக்கிடும் ஏற்பாடு ஒன்று இதில் உண்டு. சம மதிப்புள்ள நான்கு ஒப்படைப்புகளில் ஒன்றை மட்டும் எழுதி 80 விழுக்காடு பெற்ற மாணவரின் மொத்தமும், அவ்வேற்பாட்டின்படி, 80 விழுக்காடு என்றே காணப்படும். பருவத்தின் நடுவில் இது முறையே. ஆனால் இறுதியில் எழுதப்படாதவற்றிற்குச் சுழியம் இடாவிடில், நான்கையும் எழுதி 70 பெற்றவர் அவருக்குப் பின்னே நிற்க நேரும். கணினி பொய் சொல்லவில்லை. நாமே நமது தீர்மானத்தை அதற்கு அறிவிக்கத் தவறினோம். இவ்விதியை முதல் வாரத்திலேயே மாணவருக்கு எழுத்தில் தெரிவித்தல் நீதியாகும்.

4. பின்தங்குவோரைக் கண்டறிதல்

வகுப்பறையில் காலியான இருக்கை கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் மௌனம் தெரியாது. மாணவர் இறுதியாக எப்போது வந்தார், எவற்றை நிறைவுசெய்தார் என்பதை இவ்வமைப்பு காட்டும். வாரம் ஒருமுறை அப்பட்டியலைப் பார்த்து, வராதவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது ஆசிரியரின் கடமை. பலவேளைகளில் காரணம் சோம்பலாய் இராது. நோயோ, வேலைப்பளுவோ, இணைப்பின்மையோ இருக்கலாம். இணைப்புக் குறைந்த இடத்தில் உள்ளோர், கைபேசிச் செயலியில் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துப் படிக்கலாம். ஆகவே நீண்ட காணொளிகளைத் தவிர்த்து, சிறிய எழுத்துப் பாடங்களை இடுதல் நன்று. இப்பதிவுகள் மாணவருக்கு உதவுவதற்கென்றே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. வேவு பார்ப்பதற்கு அல்ல.

5. ஆண்டிறுதிப் பணி

பருவம் முடிந்ததும் பாடநெறியைக் காப்புப்படி எடுத்து, சேவையகத்திற்கு வெளியே பத்திரப்படுத்தல் வேண்டும். அதன் பின்னரே பழைய விடைகளையும் மதிப்பெண்களையும் நீக்கி, அடுத்த அணிக்கெனப் பாடநெறியைப் புதுப்பிக்கலாம். இவ்வரிசை மாறின், ஒருவரின் ஓராண்டு உழைப்பே அழிந்துபோகக்கூடும்.

சுருங்கக்கூறின், இவ்வமைப்பு ஆசிரியரின் எழுத்தர் வேலையைக் குறைக்கும். ஆசிரியரின் வேலையைக் குறைக்காது. மிஞ்சிய நேரத்தை மாணவருடன் உரையாடுவதற்குச் செலவிடுவோமாயின், தொலைவிலிருந்து கற்பவரும் தனித்து விடப்பட்டவராய் இரார்.