அசையும் நிலம் – 9: கடல் வற்றவில்லை, தீவு ஏறியது

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், தென்மேற்குக் கரையை ஒட்டிப் படகில் போகிறவர்களுக்குச் சுண்ணாம்புப் பாறைகளில் ஒரு கோடு தெரியும். நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில், பாறையை உள்ளே குடைந்துகொண்டு நீளும் கோடு அது. அதற்குக் கீழே பாறை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். கல்லைத் துளைத்துக் குடியிருக்கும் ஒருவகைச் சிப்பி போட்டவை. கடல்நீர் இல்லாத இடத்தில் அந்தச் சிப்பி பிழைக்காது.

கடல் நனைப்பதும் காய்வதுமாக இருக்கும் மட்டத்தில்தான் சுண்ணாம்புப் பாறை அதிகம் அரிக்கப்படும். பாசி மேயும் நத்தைகளும் தம் பங்குக்குக் கல்லைச் சுரண்டும். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால் இந்த அரிப்பு ஒரே மட்டத்தில் நின்று ஆழமான தடம் பதிக்கிறது.

சரி, இறங்கியது கடலா, ஏறியது நிலமா? கோட்டின் உயரத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் விடை கிடைக்காது. கரை நெடுக அளக்க வேண்டும். 1850களில் பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்தக் கடலை அளந்த கேப்டன் தாமஸ் ஸ்ப்ராட் அதைத்தான் செய்தார். கடல் இறங்கியிருந்தால் கோடு தீவைச் சுற்றி ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. தென்மேற்கில் உச்சத்தில் இருந்த கோடு, கிழக்கே வர வர இறங்கியது. தீவின் கிழக்குப் பகுதியில் ஒலூஸ் என்ற பழைய ஊரின் இடிபாடுகளோ நீருக்கடியில் கிடக்கின்றன. கட்டிலின் ஒரு காலுக்கு மட்டும் முட்டுக் கொடுத்தது போல, தீவின் மேற்கு ஓரம் தூக்கப்பட்டிருந்தது.

மேற்குக் கரையில் உள்ள ஃபலசர்னா இதற்கு நேரடிச் சாட்சி. பழைய நூல்கள் அங்கே ஒரு துறைமுகம் இருந்ததாகச் சொல்கின்றன. அதன் மதில்களும் கப்பலைக் கட்டி நிறுத்தும் கற்களும் இன்றும் இருக்கின்றன, தண்ணீர்தான் இல்லை. துறைமுகத் தொட்டி கடலைவிட்டு விலகி, கரைமேல் காய்ந்து கிடக்கிறது. அங்கே நிலம் ஏறியது ஏறத்தாழ ஆறரை மீட்டர்.

எப்போது? உயரே மாட்டிக்கொண்டு செத்த கடலுயிர்களின் ஓடுகளை ரேடியோ கார்பன் முறையில் ஆராய்ந்தபோது, அவற்றின் காலம் கி.பி. 365ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று கிழக்கு மத்தியதரைக் கடலை உலுக்கிய பேரலையை ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பதிவு செய்திருக்கிறார். கடல் உள்வாங்கியதையும், மீன் பொறுக்கப் போனவர்கள்மீது அது திரும்பி வந்ததையும், அலெக்சாந்திரியாவில் கப்பல்கள் கூரைமேல் ஏறியதையும் அவர் எழுதியிருக்கிறார்.

ஓடுகள் உடையாமல் இருப்பதும் ஒரு தடயம். நிலம் மெல்ல மெல்ல ஏறியிருந்தால், அலையடிக்கும் மட்டத்தைக் கடப்பதற்குள் அவை தேய்ந்து போயிருக்கும். ஆகவே ஒரே நிலநடுக்கம் தீவைத் தூக்கியது என்பதே பலரின் கருத்து. சில நூற்றாண்டுகளில் பல தவணையாக நடந்திருக்கலாம் என்ற வாதமும் அண்மையில் எழுந்திருக்கிறது.

தூக்கியது எது என்பதில் குழப்பம் இல்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுமக்கும் பாறைத் தட்டு, கிரீட்டின் அடியில் வடக்கு நோக்கிச் செருகிக்கொண்டிருக்கிறது. உரசிச் சிக்கி நிற்கும் பாறைகளில் நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கம் சேர்கிறது. அந்தப் பாறைகளுக்கு இடையிலான பிளவு ஒருநாள் வழுக்கும்போது, அதன் மேலிருக்கும் நிலம் எகிறுகிறது.

கிரீட்டில் ஒரு வசதி உண்டு. கடந்த 1,600 ஆண்டுகளில் கடல்மட்டம் பெரிதாக மாறவில்லை. அதனால் கோட்டின் உயரத்தை அநேகமாக முழுவதுமே நிலத்தின் கணக்கில் எழுதலாம். லட்சம் ஆண்டு பின்னே போனால் அந்த வசதி கிடையாது. பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. கடலும் நகர்ந்து நிலமும் நகர்ந்தால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பப்புவா நியூ கினியின் ஹுவான் தீபகற்பத்தில் அடுக்கடுக்காக மலையேறி நிற்கும் பவளத் திட்டுகளில் இதற்கு வழி இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)