அலை கொண்டுபோன அல்பங்கள்

கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுப் பாதையில் தெற்கே போனால், சாய்ந்தமருது, காரைதீவு கழிந்ததும் வருவது நிந்தவூர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர். மலையில் கொழுந்து எடுக்கிற நமக்குக் கடற்கரை ஊர்க் கதை என்னத்துக்கு என்று கேட்பீர்கள். நாம் இம்முறை பேச வந்தது வீட்டில் இருக்கும் போட்டோக்களைப் பற்றி. போட்டோ இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தக் கரை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை பேர் சாகவில்லை. அவ்வளவு உயிர் போன இடத்தில் போட்டோவைப் பற்றியா பேசுவது என்று தோன்றலாம். ஆனால் அடுத்து வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடி ஆஸ்பத்திரிக்கும் முகாமுக்கும் அலைகிற தாய், "இந்தப் பிள்ளையைக் கண்டீங்களா" என்று கேட்கக் கையில் ஒரு படம் வேண்டுமே. வீட்டோடு அல்பமும் போனவளிடம் என்ன இருக்கும்? வாய்ச்சொல் மட்டும்தான்.

அன்று கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தையைப் பற்றி உலகமே பேசியது. அன்றைய 81ஆவது நோயாளி என்பதால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே பெயர் வந்துவிட்டது. அது யாருடைய பிள்ளை என்று தீர்மானிக்க நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டி வந்தது. 2005 பெப்ரவரியில்தான் பெற்றோர் கைக்கு அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தது.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி எடுக்கலாம். அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு எழுதி, கிராம சேவகரைக் கண்டு, அலைந்து திரிந்தாவது இன்னொன்று வாங்கலாம். உம்மாவின் கல்யாணப் படத்துக்கு எந்தக் கந்தோரில் பிரதி கேட்பது?

அந்தப் பக்கத்து வீடுகளில் நம்ம வீடுகளைப் போல செத்தவர் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போடும் வழக்கம் இல்லை. உருவப்படத்தை முன்னறையில் வைப்பதை மார்க்கக் காரணத்தால் பலர் விரும்புவதில்லை. அல்பம் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருக்கும். கிழக்குக் கரையில் மகளுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே அல்பமும் தாயிடமிருந்து மகளுக்கென்று அதே வீட்டிலேயே தங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு வீடு போனால் மூன்று தலைமுறையின் முகமும் சேர்ந்து போகும். ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைத் தவிர வேறு படமே இல்லாத உம்மம்மாக்கள் உண்டு. 'படம் பிடிச்சால் என்னத்துக்கு மனே' என்று ஒதுங்கியவர்கள் அவர்கள்.

இந்த நிலையில் பிழைத்துக் கிடக்கக் கூடியது எது? வீட்டை விட்டு வெளியே போன பிரதிதான். சவூதிக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போன மகனுக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பிய படம். மாமி வீட்டுக்குக் கொடுத்த கல்யாணப் படம். ஸ்டூடியோக்காரர் வீசாமல் வைத்திருந்த நெகட்டிவ். அல்பத்தை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும், வேறு வீட்டில் இன்னொரு பிரதி இருப்பதற்கு அது ஈடாகாது.

நம்ம கதையும் தூரமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்கள். அதன்படி போனவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன்னே கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்க ஸ்டூடியோ படி ஏறினார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் போட்டோ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள நம்ம சொந்தங்களின் தகரப் பெட்டிகளில் இங்குள்ள தாத்தா பாட்டியின் முகம் இன்றும் இருக்கலாம். எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே கடல், இங்கே மண், அவ்வளவுதான் வித்தியாசம்.

நனைந்த படத்தைக் காப்பாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, யமமோட்டோ என்ற சிறிய ஊரில் மட்டும் சேற்றிலிருந்து சுமார் ஏழரை இலட்சம் படங்களைப் பொறுக்கி எடுத்துக் கழுவி, உரியவர்களைத் தேடிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. சேறு பட்ட ஸ்டூடியோ படத்தைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முகம் உள்ள பக்கத்தைத் துணியால் தேய்க்கவே கூடாது. நனைந்த மேற்பூச்சு மெழுகு மாதிரி, விரல் பட்டாலே கழன்றுவிடும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காமல் தண்ணீரில் ஊறவிட்டால் தானாக விடும். பிறகு படப் பக்கம் மேலே இருக்க, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கம்ப்யூட்டர் பிரின்டரில் மையால் அச்சடித்த படத்துக்கு இந்த வேலை சரிவராது, மை கரைந்து ஓடிவிடும்.

வெள்ளம் வராமலே படம் கெடுவதும் உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். நன்றாகக் கழுவி எடுத்திருந்தால் நூறு வருஷமும் நிற்கும். எழுபது எண்பதுகளின் கலர் படத்தில் இருப்பது சாயம். அதனால்தான் தாத்தாவின் படம் தெளிவாகவும் அப்பாவின் கல்யாணப் படம் சிவந்து வெளிறியும் கிடக்கிறது. லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகை வேறு. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய படம் பத்து வருஷத்தில் தேயிலைச் சாயம் ஆகிவிடும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில்தான் எல்லாம் இருக்கிறதே என்று இளையவர்கள் சொல்வார்கள். போன் தண்ணீரில் விழுந்தால்? வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும். பெரிதாக்கினால் முகம் கலங்கும். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். வருஷத்துக்கு ஐந்தாறு படமாவது அச்சடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் வையுங்கள்.

இன்னொன்று, பெயர். உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்துப் புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறையில் தன் வீட்டுப் பக்கத்து மக்களையும் வேலைக்காரரையும் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்து, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் கல்லறையைப் பார்க்கலாம். அவர் எடுத்த படங்களை இன்று அருங்காட்சியகங்களில் காக்கிறார்கள். ஆனால் அவர் இலங்கையில் எடுத்த படங்களில் இருக்கும் ஆண் பெண்களில் அநேகம் பேருக்குப் பெயர் இல்லை. எடுத்தவருக்கு மட்டுமே பெயர். பிறகு வந்த தபால் அட்டைகளிலும் நம்ம பாட்டிமார் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்றுதான் நிற்கிறார்கள்.

ஆகவே படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: பெயர், உறவு, தோட்டம், டிவிசன், வருஷம். பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். யாரென்று உங்களுக்கே தெரியாத படங்கள் இருந்தால் வீட்டில் மூத்தவரிடம் காட்டுங்கள். பாட்டிக்குக் கண் மங்கியிருந்தால் பரவாயில்லை. "மூக்குத்தி போட்டிருக்காங்க, இடது கையில ஒரு பிள்ளை, பின்னால வாழை மரம்" என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லிவிடுவார்.