ஒரு கப்பலில் வந்த காய்ச்சல்

சரக்கு வரும் நாளை எண்ணிக் காத்திருப்பது வியாபாரிகளாகிய நமக்குப் புதிதல்ல. லாரி ஒரு நாள் தாமதித்தாலே பத்து முறை போன் செய்து விசாரிக்கிறோம். பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள சமோவா தீவுகளில் அந்தக் காலத்தில் லாரியின் வேலையைக் கப்பல் செய்தது. வெளிநாட்டுச் சரக்கும் தபாலும் கப்பலில் வந்து இறங்கும். தீவின் கொப்பரை கப்பலேறிப் போகும். 1918 நவம்பர் 7 அன்று ஆப்பியா துறைமுகத்துக்கு வந்த 'தாலூன்' என்ற கப்பலையும் வழக்கமாக வரும் கப்பல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அது புறப்பட்ட இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. அப்போது அந்நகரில் விஷக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. கப்பலிலும் நோயாளிகள் இருந்தார்கள். ஆனாலும் யாரும் தடுத்து நிறுத்தவில்லை. பயணிகள் கரை இறங்கினார்கள்.

இரண்டே மாதங்களில் சுமார் 8,500 பேர் இறந்தனர். அன்றைய மக்கள் தொகை 38,000 அளவுதான். ஐந்தில் ஒருவருக்கும் மேல் போய்விட்டார் என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் தோட்டத்துக்குப் போய்க் கிழங்கு பிடுங்கி வரவோ, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவோ ஆள் இல்லை. காய்ச்சலில் பிழைத்துப் பசியில் மடிந்தவர்களும் உண்டு. தனித்தனியே புதைக்க முடியாமல் ஒரே குழியில் பல உடல்களை இட்டார்கள்.

அந்நாளில் சமோவா இரண்டாகப் பிரிந்திருந்தது. மேற்குப் பகுதியை 1914-ல் ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்து கைப்பற்றியிருந்தது. கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையின் நிர்வாகத்தில் இருந்தது. இரண்டும் பக்கத்துத் தீவுகள். ஒரே மொழி, ஒரே சொந்தபந்தம். அமெரிக்கப் பகுதியின் கவர்னர் ஜான் போயர், செய்தி கிடைத்ததும் துறைமுகத்தில் கட்டுப்பாடு விதித்தார். ஊர்க்காரர்களே கடற்கரையில் காவல் நின்றார்கள். அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. போயர் மருத்துவ உதவி தருவதாகத் தந்தியும் அனுப்பினார். மேற்குப் பகுதியை ஆண்ட கர்னல் ராபர்ட் லோகன் அதை ஏற்கவில்லை. தம் தபால் படகை அமெரிக்கர்கள் தடுத்ததில் கோபம் கொண்டு வானொலித் தொடர்பையும் நிறுத்திவிட்டார். நோய் யார் கையிலும் இல்லை. ஆனால் வந்த உதவியைத் தள்ளியதை மக்கள் மறக்கவில்லை.

மற்ற நோய்களில் குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். இந்தக் காய்ச்சல் உழைக்கும் வயதினரைக் கொண்டு போயிற்று. வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 30 பேர், பெண்களில் 22 பேர், குழந்தைகளில் 10 பேர் என்பது கணக்கு. குடும்பங்களின் தலைவர்கள், ஊர்ப் பெரியவர்கள், போதகர்கள் பலர் மறைந்தனர். எந்த நிலம் யாருக்கு, எந்தப் பட்டம் எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருந்தது. பேரேடு எரிந்துபோன கடையை நினைத்துப் பார்த்தால் நமக்கு ஓரளவு புரியும்.

இனி வருவது நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் கதை. ஓலாஃப் ஃபிரடெரிக் நெல்சன் என்பவர் ஆப்பியாவின் பெரிய வியாபாரி. தந்தை சுவீடன் நாட்டவர், தாய் சமோவாப் பெண்மணி. கிராமம் கிராமமாகக் கடை வைத்துக் கொப்பரை கொள்முதல் செய்தவர். அந்தக் காய்ச்சலில் தாயையும் உடன்பிறந்தோரையும் பறிகொடுத்தார். 1926-க்குப் பிறகு 'மாவ்' என்ற மக்கள் இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். 'சமோவா சமோவருக்கே' என்பது அதன் முழக்கம். வரி கட்ட மறுத்தார்கள். ஆப்பியாவில் கடைகளின் முன் மறியல் செய்தார்கள்.

கொப்பரை வியாபாரத்தை அரசே எடுத்து நடத்த முயன்றதால்தான் நெல்சன் கிளம்பினார், எல்லாம் சொந்த லாபத்துக்காக என்று ஆட்சியாளர்கள் சொன்னார்கள். அவருக்கு அந்த வருத்தமும் இருந்திருக்கும். வியாபாரிக்கு இருக்கக்கூடாதா என்ன? ஆனால் ஒரு கடைக்காரரின் கொப்பரை விலைக்காக ஒரு நாடே சிறைக்குப் போகாது. 1918-ல் புதைத்த உறவுகளை நினைத்துத்தான் பலர் அவர் பின்னால் வந்தார்கள் என்பது நம் கருத்து.

1928-ல் நெல்சனை ஐந்தாண்டுகள் நாடு கடத்தினார்கள். அவர் ஜெனீவா வரை சென்று சர்வதேச சங்கத்திடம் முறையிட்டும் பலன் கிட்டவில்லை. 1929 டிசம்பர் 28 அன்று ஆப்பியாவில் மாவ் ஊர்வலத்தின் மீது போலீசார் சுட்டதில் தலைவர் துபுவா தமசேசே லேலோஃபி உள்ளிட்ட பலர் இறந்தனர். 1934-ல் நெல்சன் மறுபடியும் நாடு கடத்தப்பட்டார். நியூசிலாந்தில் அமைந்த தொழிற்கட்சி அரசு 1936-ல் தடையை நீக்கியதால் ஊர் திரும்பினார். 1944-ல் காலமானார். 1962 ஜனவரி 1 அன்று மேற்கு சமோவா சுதந்திரம் பெற்றது. நெல்சனின் மகள் வயிற்றுப் பேரன் துய் ஆதுவா பிற்காலத்தில் அந்நாட்டின் பிரதமராகவும், 2007 முதல் 2017 வரை நாட்டுத் தலைவராகவும் இருந்தார்.

காய்ச்சலைக் கையாண்ட விதத்துக்காக நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002 ஜூனில் ஆப்பியாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். கப்பல் வந்து ஏறக்குறைய 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2019-ல் நியூசிலாந்திலிருந்து தட்டம்மை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்திருந்ததால் தாய்மார்கள் ஊசி என்றாலே அஞ்சினார்கள். 83 பேர் இறந்தனர். பெரும்பாலும் சிறு குழந்தைகள். டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் கடை, அலுவலகம் அனைத்தும் மூடப்பட்டன. ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஊழியர்கள் அந்தத் துணியைப் பார்த்து வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கொரோனா செய்தி வந்தபோது சமோவா யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லையை மூடியது. ஊருக்குள் அந்த நோய் பரவத் தொடங்கியது 2022 மார்ச்சில்தான். அதற்குள் மக்களில் பெரும்பாலோருக்கு ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.