அளக்காமல் சண்டை எதற்கு?



கடன், தவணைப் பிரச்சினையை எல்லாம் குழுவிலேயே பேசித் தீர்த்துவிடுகிறோம். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் இரண்டு பேர் வேலிக்காகப் பேச்சை நிறுத்தினால், ஒருத்தி வரும் கூட்டத்துக்கு இன்னொருத்தி வருவதில்லை. சேமிப்பு நிற்கிறது, குழுவே ஆட்டம் காண்கிறது. நாங்கள் போகும் ஊர்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வேலி பெரும்பாலும் யாரும் தள்ளி வைக்காமலே நகர்ந்துவிடும். கிளுவை வருஷா வருஷம் பருத்து இரண்டு பக்கமும் படரும். பட்டுப்போன இடத்தில் புதுக் குச்சி ஊன்றும்போது அரை முழம் தள்ளிப் போகும். "எங்க மாமனார் காலத்துல இருந்தே இதுதான் வேலி" என்பாள் ஒருத்தி. "பட்டாவுல எங்களுக்குக் கூட இருக்கு" என்பாள் மற்றவள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்!

பட்டாவில் பரப்பளவுதான் இருக்கும். எல்லை தெரிய புலப்படம் வேண்டும். நில அளவை செய்யக் கேட்டு, கட்டணம் கட்டி, இ-சேவை மையம் மூலம் மனுப் போடலாம். தாலுகா சர்வேயர் வந்து அளந்து அத்துக் காட்டுவார். பக்கத்து நிலத்துக்காரருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போகும். அன்றைக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் கட்டாயம் கூட நில்லுங்கள். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

ராத்திரியில் எல்லைக்கல்லைப் பிடுங்கி நடுவது குற்றம். செய்வது ஆம்பளைங்க, ஸ்டேஷன் வாசலில் நிற்பது நாமதானே!

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றும் விடாதீர்கள். உங்கள் இடத்தை ஒருவர் தன்னுடையது என்று சொல்லி, எல்லாருக்கும் தெரிய, 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்தால் அது அவருக்கே போய்விட வாய்ப்பு உண்டு. நீங்கள் சம்மதித்துக் கொடுத்த இடத்துக்கு இது பொருந்தாது.

இனி மரம். அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ மரம் அவருக்கு. முருங்கைக் கிளை உங்கள் பக்கம் சாய்ந்து காய்த்தாலும் காய் மரத்துக்காரருக்கே. ஆனால் உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம். அதற்காக அவர்கள் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. முதலில் வாயால் சொல்லுங்கள், அதிலேயே பாதி முடியும். எல்லைக்கோட்டிலேயே நிற்கும் மரத்தை ஒருத்தர் மட்டும் முடிவு செய்து வெட்டக் கூடாது. விழுந்து ஆளை அடிக்கும் நிலையில் உள்ள மரத்துக்கு கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். வெட்டவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

பேசியும் தீராவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அதற்கு அப்பீல் கிடையாது. அதனால் எழுதியதை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புதிதாக வேலி போடுபவர்கள் கல்லிலிருந்து ஒரு முழம் உங்கள் பக்கம் தள்ளியே கிளுவை ஊன்றுங்கள். தென்னை மட்டை 12 அடிக்கு மேல் நீளும், அதை மனதில் வைத்து வேலியை விட்டுத் தள்ளிக் குழி எடுங்கள்.