பால் நாளம்

பால் நாளம் என்பது முலையில் சுரக்கும் பாலை முலைக்காம்பிற்குக் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய் ஆகும். பெண்களில் பூப்படையும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தூண்டுதலால் இந்நாளங்கள் நீண்டு கிளைக்கின்றன. ஆண்களிலும் இவை வளர்ச்சியுறாத நிலையில் காணப்படுகின்றன.

அமைப்பு

பால் சுரப்பது நாளங்களில் அன்று. அவற்றின் நுனியில் திராட்சைக் குலை போல் அமைந்த நுண்ணறைகளிலாகும். நுண்ணறைகளிலிருந்து வரும் சிறு நாளங்கள் படிப்படியாக ஒன்றிணைந்து, முதன்மை நாளங்களாகி முலைக்காம்பில் திறக்கின்றன.

ஒரு முலையில் 15 முதல் 20 நாளங்கள் உள்ளன என்றும், காம்பிற்குச் சற்றுப் பின்னால் அவை விரிந்து பாலைச் சேமிக்கும் பைகளாகின்றன என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்தோர் உடலின் நாளங்களில் மெழுகைச் செலுத்தி ஆராய்ந்து 1840 இல் வெளியிட்ட நூலே இத்துறைக்கு அடிப்படையாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரை மீயொலிக் கருவியால் ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. காம்பருகே சராசரியாக 9 முதன்மை நாளங்களே இருந்தன. சேமிப்புப் பைகள் எவையும் தென்படவில்லை. மெழுகின் அழுத்தமே நாளங்களை விரித்துக் காட்டியிருக்கக்கூடும். எனினும் பழைய படம் இன்றும் பல நூல்களில் அச்சாகிறது.

செயற்பாடு

குழந்தை சப்பும்போது கபச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளியாகிறது. இது நுண்ணறைகளைச் சூழ்ந்துள்ள சுருங்கும் உயிரணுக்களை இயக்க, பால் நாளங்களுள் பாய்கிறது; நாளங்கள் விரிகின்றன. குழந்தை பருகாத பால் பின்னோக்கித் திரும்பிவிடுகிறது.

பால்கட்டு

நாளங்களில் சேமிப்பிடம் இல்லாமையால், பால் வெளியேறாதபோது மார்பு முழுவதும் இறுகி வலிக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுக் களையெடுக்கச் செல்லும் தாய்க்கு நண்பகலுக்குள் பால் கட்டிக்கொள்வது இதனாலேயே. குழந்தைக்குப் பாலூட்டுவது அல்லது கையால் மென்மையாகப் பீய்ச்சுவது, பின் குளிர்ந்த ஒத்தடம் ஆகியவை தணிவு தரும். அழுத்திப் பிசைந்தால் நாளங்களைச் சூழ்ந்த திசுக்கள் மேலும் வீங்கும். காய்ச்சலும் சிவப்பும் நீடித்தால் மருத்துவரை அணுகவேண்டும்.

பால்கட்டிற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கமும் உண்டு. பாலை நிறுத்தவேண்டியிருந்த தாய்மாரிடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 1988 இல் வெளியிட்டனர். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் குறைந்து, சுரப்பும் அடங்கியது. எனவே தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய்க்கு இம்முறை ஏற்றதன்று.